பைபருக்கு வைத்த பொட்டு

அன்றைக்கு மில்லின் புது ஷெட்டில், அந்தக் கம்ப்யூட்டர் அறையில் இருந்தவர்களை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். மில் மேனேஜர். எங்கள் காண்ட்ராக்டர் முருகேசன் அண்ணன். ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் வரதராஜன். புது ஷெட்டின் பூஜை ஏற்பாடு முழுவதையும் கையில் எடுத்துக்கொண்டிருந்த பேச்சியம்மாள். பிறகு நான். ஆறாவது ஆள் என் கூட்டாளி சுருளி. அவன் நானூறு மீட்டர் தள்ளி, ஆபீஸ் கட்டிடத்தில், இன்டர்காம் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். முதலாளி இன்னும் வரவில்லை. அவருடைய கார் சின்னமனூரைத் தாண்டிவிட்டதாக மட்டும் தகவல் வந்திருந்தது.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம், ஆயுத பூஜை. மணி ஒன்பதே முக்கால். பத்தரைக்கு நல்ல நேரம். அப்போது முதலாளி புது ஷெட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்ட, ஆபீஸ் கம்ப்யூட்டரில் கணக்கு ஓட வேண்டும். இரண்டுக்கும் நடுவே பைபர் கேபிள் இழுத்தது நான். முந்தின நாள் சாயங்காலம் இணைப்பு சரியாக இருந்தால் எரிகிற லிங்க் விளக்கு பச்சையாக எரிவதை மூன்று தடவை திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

இப்போது அந்த விளக்கு எரியவில்லை. அதோடு, கேபிள் வந்து சேருகிற இரும்பு அலமாரியான ரேக்கும் நான் வைத்த இடத்தில் இல்லை.

ட்ரே

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். தொண்ணூற்றாறில் அல்லிநகரத்தில் வீட்டு வயரிங் வேலைக்குச் சேர்ந்தேன். எதைத் தொட்டாலும் பயம் என்று எல்லோரும் கேலி செய்வார்கள். உண்மைதான். வேலை முடித்த வீட்டின் மெயின் சுவிட்சை நினைத்துக்கொண்டு நடுவழியில் சைக்கிளைத் திருப்பியிருக்கிறேன்.

இந்த மில் கம்பம் ரோட்டில், உத்தமபாளையத்துக்கு இந்தப் பக்கம். நான் பொறுப்பாக நின்று செய்த முதல் பைபர் வேலை. முருகேசன் அண்ணன் தெளிவாகச் சொல்லிவிட்டார். "இது சுத்தமா முடிஞ்சு, மேனேஜரு பூசை அன்னைக்கே கையெழுத்துப் போட்டாருன்னா, கூடலூர் திராட்சைக் குடோன் வேலையும் ஒனக்குத்தான். இல்லையா, மறுபடி அல்லிநகரத்துல சீலிங் பேனு மாட்டப் போ."

பஞ்சு மில்லில் கேபிளைத் தாங்குகிற ட்ரே போடுவது மற்ற இடம் மாதிரி அல்ல. அடிப்பக்கம் மூடிய ட்ரே போட்டால் ஆறு மாதத்தில் பஞ்சு படிந்து மெத்தையாகிவிடும். ஒரு பொறி விழுந்தால் போதும். அதனால் ஏணி மாதிரி இருக்கும் லேடர் ட்ரே போட்டோம். ஐந்தடிக்கு ஒரு சப்போர்ட். ஜாயிண்டுக்கு ஜாயிண்ட் காப்பர் பட்டை வைத்து எர்த். பவர் கேபிள் ஓடுகிற ட்ரேயிலிருந்து ஒரு அடி தள்ளி. வெட்டிய விளிம்பை எல்லாம் அரம் போட்டு ராவி, விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் கேபிளை ஏற்றினேன். கேபிளை அதற்குள் இருக்கும் மஞ்சள் நூலில் முடிச்சுப் போட்டுத்தான் இழுக்க வேண்டும். கண்ணாடி நாரில் இழுவை விழக்கூடாது. முனை வெட்டும்போது தெறிக்கிற கண்ணாடித் துணுக்குகளைப் பிளாஸ்திரியில் ஒற்றி எடுத்து ஒரு பாட்டிலில் போட்டு மூடி வைத்தேன். சுருளி அந்தப் பாட்டிலில் 'ஊறுகாய் அல்ல' என்று எழுதி ஒட்டினான்.

அந்த ஷெட்டில் நூல் நூற்கிற ரிங் பிரேம் மெசின் ஓட்டுகிறவர்களுக்குத் தலைவி மாதிரி பேச்சியம்மாள். நான் வேலை செய்கிற இடத்துக்கு யார் வந்தாலும் ஒரே பாட்டைப் பாடுவேன். இதில் கரண்ட் கிடையாது, வெளிச்சம்தான் ஓடுகிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், முனையைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்துவிடக்கூடாது. பேச்சியம்மாளுக்கு மட்டும் பத்துத் தடவை சொல்லியிருப்பேன்.

"வெளிச்சம்னா? வெளக்கு மாதிரியா தம்பி?" என்று அந்த அக்கா ஒரு நாள் கேட்டது.

"ஆமாக்கா, வெளக்கு மாதிரிதான்."

ஒருவருக்காவது புரிந்துவிட்டதே என்று எனக்கு நிம்மதி.

கொண்டை

கேபிள் ரேக்குக்குள் இறங்குவதற்கு முன்னால் மேலே ட்ரேயில் பன்னிரண்டு மீட்டரை அப்படியே விட்டேன். ஆறு சுற்று. பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கினால் கேபிள் நசுங்குமோ என்று பயந்து, துணி நாடாவில் தளர்வாகக் கட்டினேன். ரேக்கை நகர்த்த நேரலாம், முனை கெட்டுப்போய் மறுபடி வெட்ட வேண்டி வரலாம், எலி கடிக்கலாம். எனக்குத் தோன்றிய காரணங்களை எழுதினால் பக்கம் போதாது.

ஸ்டோர்ஸ் வரதராஜன் அண்ணாந்து பார்த்தார். "என்னப்பா, கேபிளுக்குக் கொண்டை போட்டு விட்ருக்க?"

நாளைப் பின்னே தேவைப்படும் என்றேன். அதை வெட்டி ஸ்டோர்ஸில் ஒப்படைக்கச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். வாழ்க்கையில் ஒரு ஆபீசரிடம் நான் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் எங்கள் பில்லில் பிடித்தம் எழுதி முடித்திருந்தார். உபரி கேபிள் பன்னிரண்டு மீட்டர், மீட்டர் முப்பத்தொன்பது ரூபாய், கழிவு.

முருகேசன் அண்ணன் அதைப் படித்துவிட்டு, "ஒன் பயத்துக்கு நான் பில்லு கட்ட முடியாதுப்பா. ஒன் கூலியிலதான் பிடிப்பேன்" என்றார்.

"பிடிச்சுக்கங்கண்ணே," என்றேன்.

கிழக்குப் பார்த்து

ரேக் எட்டடி தள்ளி, எதிர்ச் சுவர் பக்கம், கிழக்கே முகம் காட்டி நின்றது. மாலை போட்டு, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

யார் நகர்த்தியது என்று கேட்டேன். மேனேஜர் உத்தரத்தைப் பார்த்தார். பேச்சியம்மாள்தான் பதில் சொன்னது. "புது மிசினு கெழக்கப் பாத்து இருக்கணும்னு மேனேசரு அய்யாதான் சொன்னாக. காலையில நாலு பேரு சேந்து உருட்டிட்டாக. சக்கரம் இருக்குல்ல."

சக்கரம் இருந்தது. கேபிளுக்கு இல்லை. உள்ளே கண்ணாடி நார் முறிந்திருந்தால் மதுரையிலிருந்து நாரை ஒட்டவைக்கிற ஸ்ப்ளைசிங் மெசின் வர வேண்டும். ஆயுத பூஜை அன்று யார் வருவார்? ஏணியைச் சாத்தினேன். பாதுகாப்புப் பெல்ட்டை எடுத்து மாட்ட ஆரம்பித்தேன்.

"ஏலே, நேரமாச்சு. பெல்ட்டு போடாம ஏறுலே," என்றார் முருகேசன் அண்ணன்.

"போட்டுட்டே ஏறுறேன்ணே."

மேலே போய்ப் பார்த்ததும் என் மூச்சு திரும்ப வந்தது. ஆறு சுற்றில் ஒன்றேகால் சுற்று துணி நாடாவுக்குள்ளே வழுக்கி இறங்கிப் போயிருந்தது. ட்ரேயிலிருந்து ரேக் வரைக்கும் கேபிள் அகலமாக வளைந்து தொங்கியது. எங்கும் மடிப்பில்லை. இழுவை இல்லை. ஒவ்வொரு அடியாகத் தடவிக்கொண்டே வந்தேன். கொண்டை போடாமல் இருந்திருந்தால் ரேக்கை உருட்டிய வேகத்தில் கேபிள் வேரோடு வந்திருக்கும்.

"கேபிள் நல்லா இருக்குண்ணே."

"அப்ப வெளக்கு ஏன் எரியல?"

கீழே இறங்கி ரேக் கதவைத் திறந்தேன். உருட்டின குலுக்கலில் பேட்ச் கார்டு என்கிற குட்டிக் கேபிள் இரண்டும், வெளிச்சத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற கன்வெர்ட்டரிலிருந்து கழன்று தொங்கின. அது பெரிய விஷயமில்லை, சொருகினால் தீர்ந்தது. ஆனால் ஒவ்வொன்றின் முனையிலும், அந்த அரிசி அளவு வெள்ளை முனையில், சந்தனம். சந்தனத்தின் நடுவில் குங்குமம். என்ன நேர்த்தி! ஊசி முனையில் வைத்த மாதிரி இருந்தது.

"அக்கா, இது..."

"நாந்தான் வச்சேன். எல்லா மிசினுக்கும் வச்சேன், இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? நீதான தம்பி சொன்ன, வெளக்கு மாதிரின்னு. வெளக்குக்குப் பொட்டு வைக்காம பூசை பண்ணலாமா? கண்ணுக்கு நேரா வச்சுப் பாக்கக் கூடாதுன்ன. பாக்கல. மொகத்த அங்கிட்டுத் திருப்பிக்கிட்டுத்தான் வச்சேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பத்துத் தடவை எச்சரித்தேனே, அந்த முனையைத் தொடக்கூடாது என்று ஒரு தடவை சொன்னேனா? கண்ணுக்கு ஆகாது என்றேன். முனைக்கு ஆகாது என்று சொல்லவில்லை. தலைமுடியை விடச் சன்னமான வழியில் வெளிச்சம் போகிறது. ஒரு தூசி உட்கார்ந்தாலே தடுமாறும். இங்கே சந்தனக் காப்பே சாத்தியாகிவிட்டது.

பை

அதைத் துடைக்கத் தனி டிஷ்யூ உண்டு, ஸ்பிரிட் உண்டு. இரண்டும் என் டூல் பையில். பை எங்கே? சாமி படத்துக்கு முன்னால், ஸ்பேனர்களுக்கும் எண்ணெய்க் கேனுக்கும் நடுவில், வாயில் பூ வைத்து உட்கார்ந்திருந்தது. முந்தின நாள் சுருளிதான் பக்தியோடு கொண்டுபோய் வைத்திருக்கிறான்.

எங்கள் பக்கம் பூஜையில் வைத்த ஆயுதத்தைப் பூஜை முடியாமல் யாரும் தொடமாட்டார்கள். முருகேசன் அண்ணன் கை ஏணிக் காலைப் பிடித்தபடியே இருந்தது. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்து. வேட்டி நுனியால் துடைத்துவிடலாமே என்றார் வரதராஜன். நூல் உரசினால் முனையில் கோடு விழும், பிறகு என்ன துடைத்தாலும் சரிவராது என்றேன். அவரிடம் நான் மாட்டேன் என்றது அது இரண்டாவது தடவை.

பூஜை செய்யாமல் விளக்கு எரியாது, விளக்கு எரியாமல் பூஜை தொடங்காது. கூடலூர் என் கண் முன்னாலேயே கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது.

பேச்சியம்மாள் எங்கள் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்தது. பிறகு படத்துக்கு முன்னால் போய்க் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தது. பையைத் தூக்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தது.

"பொட்டு வச்சது நானு. எடுத்துக் குடுத்ததும் நானு. சாமி கேட்டா எங்கிட்டக் கேக்கட்டும். நீ பாரு."

போனில் சுருளியிடம் அந்தப் பக்கத்துக் கன்வெர்ட்டரை ஆப் பண்ணச் சொன்னேன். வெளிச்சம் வருகிற முனையைக் கிட்டே வைத்துத் துடைக்கக் கூடாது. பண்ணியாயிற்றா என்று மறுபடி மறுபடி கேட்டேன்.

"நீ கேட்ட மூணு தடவையும் ஆப்புலதான்டா இருக்கு," என்றான்.

இந்தப் பக்கத்தையும் ஆப் செய்தேன். டிஷ்யூவை நனைத்து ஒரே திசையில் இழுத்தேன். சந்தனம் காய்ந்திருந்தது. ஒரு முனைக்கு மூன்று டிஷ்யூ ஆனது.

பேச்சியம்மாள் மூக்கைச் சுளித்தது. "ஏலே, என்ன இது, சாராய வாட அடிக்குது? பூசை அன்னைக்கா?"

"மருந்துக்கா. வெளக்குக்கு."

மேனேஜரே சிரித்துவிட்டார். இரண்டு கார்டையும் சொருகினேன். இரண்டு பக்கமும் ஆன் செய்தோம். நான் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். வரதராஜன்தான், "பச்சை," என்றார்.

பத்து இருபதுக்குப் பை திரும்ப சாமியிடம் போனது. பத்தரைக்கு முதலாளி பட்டனைத் தட்டினார். ஆபீஸில் கணக்கு ஓடியது. பதினோரு மணிக்குச் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே மேனேஜர் கையெழுத்துப் போட்டார்.

பொட்டில்லாத ரேக்கைப் பேச்சியம்மாள் அப்படியே விடுமா? சந்தனக் கிண்ணத்தோடு மறுபடி வந்தது. ரேக் கதவின் வெளிப்பக்கத்தைக் காட்டி, "இங்கன வைங்கக்கா," என்றேன். ரூபாய்க் காசு அளவில் பெரிதாக வைத்தது.

கற்றது

கூடலூர் வேலை எனக்குத்தான் வந்தது. பிறகு தேவாரம், போடி என்று நிறைய. எங்கே போனாலும் மேலே பன்னிரண்டு மீட்டருக்குக் குறையாமல் கொண்டை விட்டேன், துணி நாடாவில்தான் கட்டினேன். ரேக் கதவில் ஒரு வட்டம் வரைந்து 'பொட்டு இங்கே' என்று எழுதி ஒட்டினேன். கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு ஒரு முனையிலும் சந்தனம் ஏறவில்லை. செய்யாதே என்று பத்துத் தடவை சொல்வதைவிட, எங்கே செய்யலாம் என்று ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது. இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகள் பயப்படுகிறவர்களாக இருந்தால் வெட்கப்பட வேண்டாம். பயத்தைக் கேபிளில் சுற்றி ட்ரேயில் வைத்துவிடுங்கள், ஒரு நாள் உதவும்.

வரதராஜன் அன்றைக்கே பில்லை எடுத்து, 'கழிவு' என்பதை அடித்துவிட்டு 'அவசியம்' என்று எழுதினார். பணத்தை அடுத்த பில்லில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். மில் கொடுத்ததும் தருகிறேன் என்றார் முருகேசன் அண்ணன். இருவருமே நல்ல மனிதர்கள், இன்றும் வழியில் பார்த்தால் நின்று பேசுவார்கள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சுருளி போன் போட்டு, "வந்துச்சாடா?" என்று மட்டும் கேட்பான். கொண்டைக்காகப் பிடித்ததில் எனக்கு இன்னும் வர வேண்டியது நானூற்று அறுபத்தெட்டு ரூபாய்.