கல்லேறி நின்ற காரின் கதவு

பலெர்மோவை ஒட்டிய கடற்கரை ஊரான ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் சாப்பிடப் போன ஒரு ஞாயிறு மதியம்தான் அந்த எண்ணம் எனக்கு வந்தது. வீதி ஒடுக்கம் என்பதால் அத்தான் காரின் முன் வலது சில்லை நடைபாதைக் கல்லில் ஏற்றி நிறுத்தியிருந்தார். அக்கா இறங்கிக் கதவைச் சாத்தினாள், சாத்துப்படவில்லை. இன்னொரு தரம் அடித்தாள். அத்தான் சுற்றிவந்து, கதவை இரண்டு கையாலும் ஏந்தி, இடுப்பால் ஒரு இடி இடித்தார். "கிழவி, கோவிக்காதை," என்றார், காரைப் பார்த்து. "ஆரை, என்னையோ?" என்றாள் அக்கா. நான் சிரிக்க மறந்து, குந்தியிருந்து காரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முறுக்கு விசை பற்றி அப்போதுதான் பல்கலைக்கழகத்தில் படித்திருந்தோம். ஒரு சில்லு உயர்ந்ததும் கார் முழுவதும் பிழிந்த துணிபோல முறுகுகிறது. பிழை கதவில் இல்லை, எல்லாவற்றையும் சுமக்கிற அடிச்சட்டத்தில். "அத்தான், சேசிசை மாத்துவம்!" என்றேன். "முதல் இறாலைச் சாப்பிடுவம், மச்சாள்," என்றார்.

அத்தான் பல வருடம் கூட இருந்து பராமரித்த ஒரு முதியவர், இளமையில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த கார் அது. மடிகிற கூரை, நீண்ட மூக்கு, பெரிய எஞ்சின். பலெர்மோ ஒழுங்கைகளுக்குள் அடங்காத மிருகம். சாகும்போது அதை அத்தானுக்கே விட்டுப்போனார். அத்தான் அதை ஓட்டியதைவிடத் துடைத்ததுதான் அதிகம். பழைய சட்டம் ஒருபக்கம் திறந்த தண்ணீர்ப் பீலிபோல இருந்தது. நான் வரைந்த புதுச் சட்டம் நாலு பக்கமும் அடைத்த இரும்புப் பெட்டி. பிரான்காச்சோவில் வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர் மூலையொன்று தந்தார். ஆனால், காரின் உடலைச் சட்டத்திலிருந்து கழற்றித் தூக்க அங்கே எந்த வசதியும் இல்லை. பட்டறையின் கூரை பழையது, அதில் சங்கிலி மாட்டித் தூக்கினால் கூரையே வந்துவிடும்.

"திருநாளுக்குக் கூடு தூக்கிற மாதிரித் தூக்குவம்," என்றேன். மாதாவின் சுரூபத்தை வைத்து மன்னார் ஆட்கள் தோளில் சுமக்கும் அந்தக் கூடு, இங்கேயும் வருடாவருடம் எங்கள் பங்குக் கோயிலிலிருந்து வீதிவலம் வருகிறது. அத்தான் என்னைப் பார்த்த பார்வையில் பயமும் சந்தோசமும் ஒன்றாக இருந்தன. அடுத்த சனிக்கிழமை கூடு தூக்குகிற ஆட்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். உடல் நடுவில் மடிந்துபோகாமலிருக்கக் கதவுகளைக் கழற்றி, வாசல்களுக்குக் குறுக்கே கம்பி வெல்டிங் செய்திருந்தோம். கீழே இரண்டு நீண்ட மரம். முன் இடது மூலை அத்தானுக்கு. ஆள் கட்டை என்பதால், திருநாளில் செய்வதுபோலவே, நீலத் துவாயை மடித்துத் தோளில் வைத்துக்கொண்டார். "தோள் குடு!" என்று குரல் வந்தது. கார் எழும்பியது. பழக்கதோசத்தில் யாரோ "மரியே வாழ்க!" என்று கத்த, எல்லோரும் "வாழ்க!" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். "சிரியாதையுங்கோடா, கீழை நான் நிக்கிறன்!" என்று அத்தான் அலற, காரும் சேர்ந்து குலுங்கியது. பட்டறைக்காரர் ஒன்றும் விளங்காமல் சிலுவை போட்டுக்கொண்டார்.

உடலை மரக்குத்திகளில் இருத்திவிட்டுப் புதுச் சட்டத்தை வெல்டிங் செய்தோம். அதற்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்த கிழமை, வேலைக்குப் போன வீட்டின் மாடிப்படியில் அத்தானின் இதயம் நின்றுபோனது. காரின் பாரத்தையெல்லாம் கணக்குப் பார்த்த எனக்கு அவருடைய இதயத்தைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

கோயில் வாசலில் அத்தானின் பெட்டியைத் தூக்க அதே ஆட்கள்தான் வந்தார்கள். யாரும் இடம் சொல்லவில்லை. அன்று காருக்குக் கீழே எங்கெங்கே நின்றார்களோ, அங்கங்கேயே போய் நின்றார்கள். முன் இடது மூலை வெறுமையாக இருந்தது. ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு பின்னாலிருந்தவர் ஒருவர் நகர்ந்து வந்தார். "தோள் குடு" என்ற குரல் அன்று பாதியில் உடைந்தது. தூக்கியபோது ஓரிரு கணம் பெட்டி இடதுபக்கம் சரிந்து நின்றதை என்னால் மறக்க முடியவில்லை.

அதன்பிறகு அக்கா காரைப் பற்றிக் கதைக்கவில்லை. நான் கதையை எடுத்தால், "ஆருக்கு இனி? உடைக்கிறவங்களுக்குக் குடு," என்பாள். குடுப்பதானால் அத்தான் பட்டறையில் கழித்த சனிக்கிழமைகளையும் சேர்த்தல்லவா குடுக்கவேண்டும் என்று சொல்ல வாய் வராது. போன சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் பிரான்காச்சோ பஸ்ஸில் வந்து இறங்கினாள். புதுச் சட்டத்தைத் தொட்டுப் பார்த்தாள். சுவரில் சாத்தியிருந்த தன் பக்கத்துக் கதவில், அத்தானின் இடுப்பு பட்டுப் பட்டு மங்கியிருந்த இடத்தைப் பார்த்தாள்.

"மேல்பாகத்தை இறக்கேக்கை முன் இடதுக்கு ஆர்?"

"நான்."

"உன்ரை உயரம் காணாது."

"அத்தான்ரை உயரமும் காணாதுதானே."

அக்கா புதுச் சட்டத்தை இன்னொருமுறை தொட்டாள். பிறகு, "அவரின்ரை துவாய் கிடக்கு. தோய்க்கேல்லை. கொண்டுவாறன்," என்றாள்.

நாளைக்குத் தூக்குகிறோம். காரின் உடல் புதுச் சட்டத்தில் சரியாக இருக்குமா, துளையோடு துளை பொருந்துமா என்று தெரியாது. பொருந்தினால், ஓடத் தொடங்கிய முதல் ஞாயிறே ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போய், அதே இடத்தில் முன் வலது சில்லைக் கல்லில் ஏற்றி நிறுத்துவேன். அக்கா இறங்குவாள். நான் சுற்றிவந்து உதவப் போவதில்லை. கதவை அவள்தான் சாத்த வேண்டும், ஒரு கையால்.