குதிகாலுக்கு மேலே

ஷூவை மாட்டிவிட்டதும் பாஸ்கரனின் கட்டைவிரல் குதிகாலுக்குச் சற்று மேலே, அந்தக் கெட்டி நரம்பின்மீது ஒருமுறை ஏறி இறங்கும். அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்தை ஒட்டிய செருப்புக்கடையில் இருபது வருஷமாக விற்பனையாள். அளவு பார்க்கிறார் என்று வாடிக்கையாளர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவர் தேடுவது ஒரு முடிச்சை.

அவருடைய அப்பாவுக்கு அந்த முடிச்சு இருந்தது. நாற்பத்தைந்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. அண்ணன் நாகப்பனுக்கும் இருந்தது. நாற்பத்தொன்றிலேயே போய்ச் சேர்ந்தார். ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து செல்லும் புரதம் ஒன்று உண்டு, இந்தக் குடும்பத்தில் அது பழுது, பரம்பரையாக வரும் என்று அப்போதுதான் டாக்டர் சொன்னாராம். அந்தப் புரதத்தைப் பற்றிப் பாஸ்கரன் சொல்கிற விதம் வேறு.

"லோடு ஏத்திகினு போறான் சார். எறக்குற ஊடு எதுன்னு அவனுக்குத் தெர்ல. சுத்திகினே கீறான். கடைசில நரம்பு மேலயும் நெஞ்சாண்டயும் கொட்டிட்டுப் பூடுறான்."

இவருக்கும் முடிச்சு உண்டு. வயது நாற்பத்துமூன்று. ஊருக்கெல்லாம் ஷூ மாட்டிவிடும் மனிதர், முடிச்சில் உரசும் என்று, ரப்பர் செருப்பைத் தவிர எதையும் போடுவதில்லை.

போன ஆடித் தள்ளுபடியில் ஷூ வாங்க வந்த ஒரு கம்பெனி சூப்பர்வைசரின் காலில் விரல் நின்றுவிட்டது. "ஒரு தபா ரத்தம் டெஸ்ட் பண்ணிக்குங்க சார்" என்றார்.

"நீ செருப்பு விக்கிறியா, ஜோசியம் சொல்றியா?" என்று எகிறிவிட்டுப் போனார் அவர். பொங்கலுக்குள் எதிர்ச்சுவரில் அவர் படம் போட்ட கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி! மழையில் அது கிழியும்வரை பாஸ்கரன் கடைக்குப் பின்வாசல் வழியாகத்தான் வந்தார்.

இத்தனை பேர் காலைப் பிடித்தவர், பத்தொன்பது வயது மகள் வடிவின் காலை மட்டும் தொட்டதே இல்லை. கொலுசு மாட்டிவிடச் சொன்னால்கூட, "உங்கம்மாவாண்ட போ" என்பார். மனைவி சாமுண்டீஸ்வரி ஏசி ஏசி ஓய்ந்துபோனாள்.

போன திங்கட்கிழமை வடிவு கடைக்கே வந்துவிட்டாள். தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது, ஷூ கட்டாயமாம். பாஸ்கரன் ஜோடியை அவள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். மாட்டிக்கொண்டு நாலடி நடந்தாள்.

"நைனா, பின்னாடி கடிக்குது. ரெண்டு கால்லயும். இன்னா கீதுன்னு தொட்டுத்தான் பாரேன்."

"ஒண்ணுமில்ல கண்ணு. புதுத்தோலு, கெட்டியா கீது. கழட்டு."

ஷூவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அதன் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் பிசைய ஆரம்பித்தார். வடிவு வெறுங்காலோடு காத்து நின்றாள். இரண்டு வாடிக்கையாளர்கள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். தோல் எப்போதோ இளகிவிட்டது. குனிந்த தலை நிமிராமல் பிசைந்துகொண்டே இருந்தார்.