லாக்கருக்கு வைத்த கெடு

சேமிப்புக் கணக்கின் சலுகைகளைக் குறைத்தாலும் கட்டணங்களைக் கூட்டினாலும், முப்பது நாட்களுக்கு முன்பே வாடிக்கையாளருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். கணக்குத் தொடங்கிய அன்று வங்கி கொடுத்த விதிக் கையேட்டில் பதினான்காம் பக்கம், ஒன்பதாவது பத்தி. எழுத்து மிகப் பொடி. முப்பத்து நான்கு ஆண்டுகள் கருவூலத்தில் இருந்தவன் நான். அதைவிடப் பொடியான எழுத்துகளைப் படித்துக் காட்டித்தான் ஊரார் பில்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

எனக்கு யாரும் எதையும் தெரிவிக்கவில்லை. விஷயம் தெரிந்தது திருச்சி விமான நிலையத்தில்.

சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் பார்க்க, பிப்ரவரியில் நானும் மனைவியும் கிளம்பினோம். என் ஓய்வூதியம் விழும் கணக்குக்கு வங்கி ஒரு பகட்டான பெயர் வைத்து மூன்று சலுகைகள் கொடுத்திருந்தது. விமான நிலைய ஓய்வறையில் இலவசச் சாப்பாடு, வெளிநாட்டில் கார்டு தேய்த்தால் குறைந்த கட்டணம், லாக்கருக்குப் பாதி வாடகை. முதல் சலுகையை நம்பி, வீட்டிலிருந்து எதுவும் கட்டிக்கொள்ள வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். ஓய்வறை வாசலில் இருந்த பெண் கார்டை இரண்டு முறை தேய்த்துப் பார்த்தாள்.

"சாரி சார், இந்தக் கார்டுக்கு இப்ப லாஞ்ச் கிடையாது."

பதினான்காம் பக்கத்தைப் பற்றி அவளுக்கு விளக்கினேன். அவள் சிரித்த முகம் மாறாமல் எனக்குப் பின்னால் நின்றவரின் கார்டை வாங்கினாள். திரும்பிப் பார்த்தால், மனைவி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையிலிருந்து பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"எலுமிச்ச சாதம். நீங்க சொன்னீங்கன்னு நான் கட்டாம வந்துருவேனா? வாங்க, இங்கிட்டு ஒக்காருங்க."

துவையலும் இருந்தது.

சிங்கப்பூரில் டயப்பர், பால்மாவு, மருந்து எல்லாவற்றுக்கும் நானே கார்டைத் தேய்த்தேன். அங்கே கடைகளில் உள்ள மெஷின், டாலரிலா ரூபாயிலா என்று கேட்கும். ரூபாயை அழுத்தினேன். மாப்பிள்ளை மெதுவாக, "மாமா, டாலர்லயே போடுங்க. ரூபாயில போட்டா அவங்க வச்சதுதான் ரேட்டு" என்றார்.

"கணக்குல எவ்வளவு குறையுதுன்னு எடத்துலயே தெரியணும் மாப்பிள்ள. பெறகு வந்து பாக்குற கணக்கு கணக்கே இல்ல."

அவர் பால்மாவு டின்களைப் பைக்குள் அடுக்கத் தொடங்கினார். கருவூலத்து மாமனாரிடம் எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் கல்யாணமான முதல் வருடமே கற்றுக்கொண்டவர். பதினொரு முறை தேய்த்தேன். பதினொரு முறையும் ரூபாய்.

ஏப்ரலில் ஊர் திரும்பி, திருக்கோகர்ணத்து வீட்டில் உட்கார்ந்து பாஸ்புக்கைப் பார்த்தேன். பதினொரு வரிகளுக்குக் கீழும் வெளிநாட்டுக் கட்டணம் என்று ஒரு குட்டி வரி. அதுவும் பழைய விகிதத்தில் இல்லை, ஏறத்தாழ இரண்டு மடங்கு. மொத்தம் ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் கூடுதலாகப் போயிருந்தது. தொகை பெரிதில்லை. ஆனால் முன்னறிவிப்பு இல்லாமல் பிடித்த பணம் ஒரு ரூபாயானாலும் தணிக்கைக் குறிப்புக்கு உரியது.

கிளைக்குப் போனேன். மேலாளர் ஓர் இளம்பெண். திருச்சியிலிருந்து கீரனூர் வழியாகத் தினமும் பஸ்ஸில் வருபவர். மாலை ஐந்தரைக்கு மேல் உலகமே இடிந்தாலும் இருக்கையில் இருக்கமாட்டார். பதினான்காம் பக்கத்தைக் காட்டினேன். வியப்போடு புரட்டினார்.

"இந்த புக் எங்ககிட்டயே இல்ல சார். ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கலாமா?"

எடுத்துக்கொண்டார். மாற்றங்களையெல்லாம் இணையதளத்தில் போட்டுவிட்டார்கள் என்றார். இணையதளம் எழுத்துமூலம் ஆகாது என்றேன். எழுத்துதானே சார் இருக்கிறது என்றார். பேசி முடியாத விஷயம் என்று தெரிந்ததும் வீட்டுக்கு வந்து, பிடித்த பணத்தையும் ஓய்வறைச் சலுகையையும் திருப்பிக் கேட்டு முதல் கடிதத்தை எழுதினேன்.

முதல் கடிதத்துக்குப் பதிலாகக் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்? இரண்டாவது கடிதத்துக்கும் அதுவே. மூன்றாவதற்கு ஒரு மின்னஞ்சல். அதன் அடியில், இதற்குப் பதில் அனுப்பாதீர்கள் என்றிருந்தது. இவற்றை நான் பதிலாக ஏற்கவில்லை. பதில் என்றால் மேலே கோப்பு எண் இருக்க வேண்டும். 'பார்வை' என்று போட்டு, என் கடிதங்களின் நாட்களை வரிசையாகக் குறிப்பிட வேண்டும். கீழே ஒரு மனிதரின் கையெழுத்து வேண்டும். உள்ளே 'இல்லை' என்று எழுதியிருந்தாலும் அது பதில்தான். இவையில்லாமல் 'ஆம்' என்று எழுதியிருந்தாலும் அது வெறும் தகவல்.

ஜூலை இருபதாம் தேதி நான்காவது கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கடைசிப் பத்தியில், முப்பது நாட்களுக்குள் முறையான பதில் வராவிட்டால் கணக்கை முடித்துக்கொள்வேன் என்று எழுதியிருந்தேன். நகலை வழக்கம்போல் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தாள்.

"ஏங்க, கணக்க முடிச்சா லாக்கரு?"

"கணக்கு இல்லாட்டி லாக்கரும் இல்ல. அது விதி."

"அந்த லாக்கருக்கு மூணு வருசம் காத்துக் கெடந்தோம், தெரியும்ல? செப்டம்பர்ல புள்ள வேலைக்குத் திரும்பப் போறா. நாம போய்ப் பேத்தியப் பாத்துக்கணும். மூணு மாசம் வீட்டப் பூட்டிட்டுப் போறப்ப நகைய எங்க வைக்கிறதாம்? அரிசி டின்னுலயா?"

கேள்வி நியாயமானது. பின்தெருவில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டில் சித்திரையில்தான் பீரோவை உடைத்திருந்தார்கள். அவளுடைய நகைகளோடு மகளுடையவையும் அந்த லாக்கரில்தான் இருந்தன. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்து, இருந்தால் என்ன, போனால் என்ன என்று எழுதிப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு அருகே இருந்த இன்னொரு வங்கியில் வெளிநாட்டுக் கட்டணம் பாதிதான். லாக்கர் கேட்டேன். அங்கிருந்த எழுத்தர் ஒரு நோட்டைப் புரட்டினார்.

"பேர எழுதிட்டுப் போங்க சார். ஒங்களுக்கு முன்னாடி முப்பத்தி நாலு பேர் இருக்காங்க. அதுல ரெண்டு பேர் காலமாயிட்டாங்க. ஆக முப்பத்தி ரெண்டுதான்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, மனைவி என் தாளை வாங்கிப் பார்த்தாள். இடது பக்கம் லாக்கர் மட்டும் இருந்தது. வலது பக்கம் பத்து வரிகள்.

"இதுல எதுங்க பெருசு?"

"லாக்கர்தான்."

"அப்ப கடுதாசிய வாபஸ் வாங்குங்க."

"எழுத்துல குடுத்த கெடுவ வாபஸ் வாங்குனதா சர்வீஸ்லயே கெடையாது."

"நீங்க ரிட்டயர் ஆகி ஒம்பது வருசம் ஆச்சு."

அதன்பின் மூன்று நாட்கள் ரசத்தில் உப்பு இல்லை.

கெடு முடிய நான்கு நாட்கள் இருந்தபோது, நான் பல் மருத்துவரிடம் போயிருந்த நேரத்தில், அவள் ஆட்டோ பிடித்துத் தனியாகக் கிளைக்குப் போயிருக்கிறாள். இது எனக்கு அப்போது தெரியாது. மேலாளர் மாற்றலாகிப் போவதற்கு முன்பு ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னதுதான்.

"அம்மா, அவருக்குச் சாதகமா எழுத எனக்குப் பவர் இல்லயே" என்றாராம் மேலாளர்.

"சாதகமா யாரு கேட்டா? மேல கோப்பு எண்ணுன்னு ஏதாச்சும் ஒரு நம்பரப் போடுங்க. பார்வைன்னு போட்டு அவரு கடுதாசி நாலுக்கும் தேதி போடுங்க. ஒண்ணு விட்டாலும் திருப்பி அனுப்பிருவாரு. தேதியெல்லாம் இந்தா, எழுதியாந்துருக்கேன். கீழ கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்பு. உள்ள என்ன வேணும்னாலும் திட்டிக்கங்க."

"வேற ஏதாச்சும் போடணுமா அம்மா?"

"எனக்கு ஒரு நகல்னு போடுங்க. லாக்கர் என் பேர்லயும்தான இருக்கு?"

கெடுவின் கடைசி நாளில் கிளையின் கடைநிலை ஊழியர் ஸ்கூட்டரில் வந்து, தபால் நோட்டில் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு உறையைக் கொடுத்தார். பிரித்தேன். கோப்பு எண் இருந்தது. பார்வையில் நான்கு கடிதங்களும், ஒரு நாள்கூடப் பிசகாமல். மாற்றங்கள் இணையதளத்திலும் கிளையின் அறிவிப்புப் பலகையிலும் வெளியிடப்பட்டதால் கோரிக்கை ஏற்கப்படவில்லை. ஓய்வறைச் சலுகை திரும்பாது. பதினொரு பரிவர்த்தனைகளிலும் ரூபாயைத் தெரிவு செய்தது வாடிக்கையாளரே. அதற்கு வெளிநாட்டுக் கடை வைத்த ரூபாய் மாற்று விகிதத்துக்கு வங்கி பொறுப்பல்ல. லாக்கர் வாடகைச் சலுகை மட்டும் இந்த ஆண்டு முடியத் தொடரும். கையெழுத்து, முத்திரை, நகல் ஒன்று என் மனைவிக்கு.

கேட்டதில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

"பாத்தியா? அந்தக் கிளையிலயும் டிராஃப்ட் போடத் தெரிஞ்ச ஆளு ஒண்ணு இருக்கு. நகல்கூட முறையா ஒனக்குப் போட்டுருக்காங்க. லாக்கர்ல கூட்டு உரிமையாளருக்குத் தெரிவிக்கணும்ல?"

"அப்படியாங்க?" என்றாள் மனைவி, முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே. "அப்ப கணக்கு?"

"பதில் வந்துருச்சுல்ல. முடிக்க முகாந்திரம் இல்ல."

அவள் கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய், வங்கியில் ஒப்படைக்க நான் எடுத்து வைத்திருந்த லாக்கர் சாவியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தாள். நான் உறையின் ஓரத்தில், முறையான பதில் பெறப்பட்டது, மேல்நடவடிக்கை இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு, கீழே நாளைக் குறித்தேன்: ஆகஸ்ட் பத்தொன்பது, பிற்பகல் மூன்று இருபது.