பெற்றோல் மூடியில் ஒரு பொட்டு

என் சித்தப்பா சண்முகலிங்கம் எவரையும் லேசில் நம்புவதில்லை. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த குளிர்நாட்டில், ஸ்கீவ என்ற ஊரில், ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்கள் திருத்துகிறார். காரைப் பூட்டிவிட்டுப் பத்தடி போனபின் திரும்பிவந்து கதவை இழுத்துப் பார்ப்பார். பெரு நாட்டுக்கு நீண்ட பயணம் போய் நான் வீடு திரும்பியபோது, "உண்மையிலை பெருவுக்கோ போனனீ?" என்றுதான் முதலில் கேட்டார்.

அப்படிப்பட்டவர் இன்னொருவரை நம்பி விமானம் கட்டியிருந்தார். ஊர்க்காரரான நண்பர் றொபேர்ட்டும் அவரும் பழைய பன்றிப் பண்ணைக் கொட்டகை ஒன்றில் வருடக்கணக்காக உழைத்துச் செய்த, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய சின்ன விமானம். போன கோடை முழுவதும் அது குறையில்லாமல் பறந்தது.

ஆயுதபூசைக்குச் சித்தப்பா அதற்கும் சந்தனம் வைத்தார். பெந்தெகொஸ்தே சபைக்காரரான றொபேர்ட் கொட்டகைக்கு வெளியே நின்று தேத்தண்ணி குடித்தார். அதற்கு முந்திய கிழமைதான் அவர் எஞ்சினுக்குப் போகும் பெற்றோல் குழாயை மாற்றியிருந்தார்.

மறுநாள் சித்தப்பா என்னை ஏற்றிக்கொண்டு எழும்பினார். ஃபியோர்ட் என்ற குறுகிய கடற்கழியைத் தாண்டியதும் எஞ்சின் இருமியது. பிறகு நின்றுவிட்டது. முன்விசிறி அசையாமல் கிடக்க, காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"வாரை இறுக்கு, பிள்ளை."

காற்றாலைகளை விலத்தி, அறுவடை முடிந்த வயலொன்றை நோக்கி மூக்கைத் தாழ்த்தினார். சக்கரங்கள் அறுத்த பயிரின் தாள்களில் அடிபட்டுத் துள்ளின. உருண்டு, வேலிக்குச் சற்று முன்னால் நின்றோம். இருவருக்கும் காயமில்லை. வண்டியோடு வரச்சொல்லி றொபேர்ட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

இறங்கியதும் சித்தப்பா, "றொபேர்ட்" என்றார்.

"அவர் என்ன செய்தவர்?"

"குழாய் மாத்தினது ஆர்? பூசைக்கு உள்ளை வராமல் நிண்டது ஆர்? அவன் வரமுன்னம் எல்லாத்தையும் படமெடு. இண்டையோடை அவன்ரை சங்காத்தம் முடிஞ்சுது."

படமெடுக்க எடுக்க எனக்கும் சந்தேகம் தொற்றியது. றொபேர்ட் தன் வான் வண்டியை வயலுக்குள்ளேயே ஓட்டிவந்து இறங்கியபோது, அவர் கை எங்கே போகிறது என்று பார்த்தேன். அது என் தோளைப் பிடித்தது. அடிபட்டதா என்று கேட்டார்.

"எஞ்சினிலை கை வையாதை," என்றார் சித்தப்பா.

"வைக்கேல்லை அண்ணை. பெற்றோல் இருக்கோ?"

"நானே ஊத்தினனான். வந்து பார்."

சித்தப்பா பெற்றோல் தாங்கியின் மூடியைத் திருகினார். ஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டது. அந்த மூடியில் ஒரு சிறு துளை உண்டு. பெற்றோல் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று உள்ளே போனால்தான் மிச்சப் பெற்றோல் எஞ்சினுக்கு இறங்கும். துளை இருந்த இடத்தில் சந்தனம் காய்ந்து இறுகிக் கிடந்தது, நடுவில் குங்குமம்.

"வடிவான பொட்டு அண்ணை," என்றார் றொபேர்ட்.

சித்தப்பா நகத்தால் சுரண்டினார். தேவைக்கு மேலேயே சுரண்டினார்.

"என்னிலை சந்தேகப்பட்டனீங்களோ?"

"ஓம்."

"இப்ப?"

"குழாயையும் ஒருக்காக் கழட்டிப் பாப்பம்."

றொபேர்ட் சிரித்தபடி ஸ்பனர் எடுக்க வண்டிக்குப் போனார்.

இந்த வருட ஆயுதபூசைக்கு அவர் கொட்டகைக்குள்ளே வந்தார். கும்பிடவில்லை. சித்தப்பா சந்தனக் கிண்ணத்துடன் விமானத்தைச் சுற்றி முடிக்கும்வரை பெற்றோல் மூடிமேல் பெருவிரலை அழுத்திக்கொண்டு நின்றார். சித்தப்பா அந்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எடு, பாப்பம்," என்றார். "அதுக்குக் கீழை என்ன வைச்சிருக்கிறாய்?"