கண்ணை மூடிப் போட்ட முடிச்சு

சீனியம்மாளுக்குக் கையும் வாயும் ஒரே வேகம். ராஜபாளையத்துப் பேண்டேஜ் துணி விசைத்தறிகளில் இருபத்தாறு வருஷம் நின்றவள். பாவில் இழை அறுந்தால், தன் ஊரான தேவதானத்துச் சண்டை எதையாவது சொல்லிக்கொண்டே, குனிந்துகூடப் பாராமல் முடிச்சுப் போட்டுவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிர்தான். இருக்கட்டுமே, பெருமைப்பட அவளிடம் வேறென்ன இருந்தது?

முதுகுவலி என்று போனவளுக்கு எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய் என்றார்கள். தறிக்கு லீவு. வாரம் ஒருநாள் மதுரையில் வயிற்றுத் தோலில் ஊசி.

"செல்லுக்குள்ள சேதி கடத்துற நொதிகள் இருக்கும்மா," என்றார் டாக்டரம்மா. "வேலை முடிஞ்சதும் அதுகளை வெட்டித் தள்ள வேற நொதிகள் உண்டு. இந்த ஊசி வெட்டுற நொதியைக் கட்டிப்போடும். வெட்டாத மிச்சமெல்லாம் கழிவாச் சேர்ந்து சேர்ந்து நோய் செல் தானாச் செத்துடும்."

சீனியம்மாள் சட்டென்று பிடித்துக்கொண்டாள். "பஞ்சு கூட்டுதவள நிறுத்திட்டா, தூசி அடைச்சு தறி தானா நின்னுரும். அம்புட்டுத்தான?"

"அதேதான். ஆனா நரம்பையும் பாதிக்கும். விரல் மரத்தா உடனே சொல்லணும். ஊசி அளவைக் குறைச்சுக்கலாம்."

அந்தக் கடைசி வார்த்தைதான் வினையாயிற்று. அளவு குறைந்தால் சீக்கு மிஞ்சிவிடும் என்று அவளாகவே முடிவு கட்டினாள். நாலாவது ஊசிக்குப் பின் விரல்நுனிகள் மதமதத்தன. தினமும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு நூலில் ஒரு முடிச்சுப் போட்டுப் பார்ப்பாள். விழுந்தால் டாக்டரிடம் "ஒண்ணுமில்ல" என்பாள். விழாத வாரங்களிலும் அதையே சொன்னாள்.

ஒருநாள் கொதிக்கும் சட்டியை வெறுங்கையால் இறக்கிவிட்டுச் சும்மா நின்றாள். மகள் சத்யப்பிரியா அலறிவிட்டாள்.

"ஏம்மா, சுடலயா? எம்புட்டு நாளா இப்பிடி?"

"சொன்னா ஊசியக் கொறைச்சிருவாவ. எனக்கு உசுரு வேணும்லா, ஏட்டி!"

மகள் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொல்லியும் டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நோய் அடங்கிவிட்டது என்றார். அளவைக் குறைத்திருந்தாலும் அடங்கியிருக்கக்கூடும், விரல்தான் இனிப் பழையபடி ஆகுமா தெரியாது என்றார். சீனியம்மாள் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும்வரை அழுதாள்.

அடுத்த மாதம் தறிக்குத் திரும்பினாள். பக்கத்துத் தறிக்காரியிடம் ஆஸ்பத்திரிக் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது இழை அறுந்தது. பேச்சை விடாமலே முடிச்சுப் போட்டாள். போட்டுவிட்டதாகத்தான் நினைத்தாள். குனிந்து பார்த்தபோது விரல்களுக்கு நடுவே நூலே இல்லை.

கதையைப் பாதியில் விட்டாள். தறியை அவளே நிறுத்தினாள்.