பூட்டின குடோனும் சேவியர் அண்ணாச்சியும்

ஏலக்காய் மண்டியில தராசு பிடிக்கிறவன் உடம்புல வாசனைதான் ஒட்டும், காசு ஒட்டாது. மண்டியில குப்பை கொட்டினவங்களுக்கு இது தெரியும். எழுபதுகள்ல, ஏலத்தோட்ட மலையில இருக்கிற சக்குபள்ளத்துல நான் பட்டதைக் கேளுங்க.

ஒன்பது மூட்டை

அந்த வருஷம் காய் விலை வாரத்துக்கு வாரம் ஏறிக்கிட்டே போச்சு. அஞ்சு ஏக்கர்க்காரர் சேவியர் அண்ணாச்சி தோட்டத்துப் பட்டயத்தைப் பாங்குல அடகு வச்சுக் கடன் வாங்கி, பக்கத்துத் தோட்டத்துக் காயையும் வாங்கிச் சேர்த்து ஒன்பது மூட்டை வச்சிருந்தாரு. வித்துக் கடனை அடைக்கலாம்னுதான் மண்டிக்கு வந்தாரு. எங்க முதலாளி குடோன்ல ரெண்டு பூட்டு தொங்கிச்சு. "முதலாளியே இன்னும் விக்கல அண்ணாச்சி, விலை ஏறும்"னு வாய்க் கொழுப்பெடுத்துச் சொன்னவன் நான்தான். மனுஷன் இப்படிச் சொல்லிட்டு வந்த ஜீப்புலயே திரும்பி ஏறிட்டாரு:

"வட்டி என்னடே பெரிய வட்டி, இன்னும் ரெண்டு வாரம் ஏறினா வட்டியும் முதலும் சேர்ந்து அடைஞ்சிராதா?"

ஒரே நாள்ல எல்லாரும்

புதுக் காய் பறிப்பு ஆரம்பிச்சுது. விலை லேசா சறுக்கினதுதான் தாமதம், பதுக்கி வச்சிருந்த அத்தனை பேரும் ஒரே நாள்ல மூட்டையைத் தூக்கிட்டு ஓடி வந்துட்டாங்க. ஏலத்துல வியாபாரிங்க சாம்பிளைக் கடிச்சுக்கூடப் பார்க்கல, கீழ கொட்டிட்டுப் போய்ட்டாங்க. விலை பாதாளத்துக்குப் போயிருச்சு.

முதலாளிகிட்ட ஓடி, "நம்ம சரக்கையும் எடுத்துருவோம், சாவி கொடுங்க"ன்னு கெஞ்சினேன். சிரிச்சுக்கிட்டே கொடுத்தாரு. திறந்தா, அடப்பாவி! ஒரு சாக்குக்கூட இல்ல. அண்ணாச்சி வர்றதுக்கு முன்னாடியே, நான் தங்கச்சி பிரசவத்துக்குக் கம்பம் போயிருந்த நாலு நாள்ல மொத்தத்தையும் வித்திருக்காரு. அத்தனை நாளும் வெறும் குடோனைக் காட்டி ஊருக்கெல்லாம் யோசனை சொல்லியிருக்கேன்! போய்க் கேட்டா முதலாளி சொல்றாரு:

"பூட்டினேன்டா, உள்ள சரக்கு இருக்குன்னு உங்கிட்ட எப்பச் சொன்னேன்?"

அஞ்சு ஏக்கர்

ஒன்பது மூட்டையும் போன விலை வட்டிக்குத்தான் ஆச்சு. பாங்குல இருந்து ஜப்தி நோட்டீஸ் வந்துருச்சு. வேற வழியில்லாம அண்ணாச்சி தோட்டத்தையே வித்தாரு. வாங்கினது யாருங்கிறீங்க? எங்க முதலாளி!

மன்னிப்புக் கேக்க அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அடிச்சிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். உக்கார வச்சு, குடிக்கத் தண்ணி கொடுத்து, மெதுவா கேட்டாரு:

"உங்க முதலாளி தோட்டத்துக்கு ஆள் எடுப்பாரா தம்பி? அங்க எந்தச் செடித் தூருல எவ்வளவு காய் பிடிக்கும்னு எனக்குத் தெரியும்லா."

இதுக்கப்புறமும் அதே மண்டியில ஆறு வருஷம் தராசு பிடிச்ச என்னையத்தான் இப்போ ஊருல அனுபவசாலிங்கிறாங்க.