தீர்த்தவாரிக்கு நான் வாங்கித் தந்த லீவு

காட்டிக் கொடுத்தவன் நான்தான்.

மாசி மகத் தீர்த்தவாரி அன்று மாமல்லபுரத்துக் கடற்கரையில் எங்கள் ஆட்கள் கூடிப் பேசப்போகிறார்கள் என்று கம்பெனிக்குச் சொன்னது ஏழுமலை இல்லை. நான்! இசக்கிமுத்து. துரோகி என்ற பட்டத்தை இத்தனை வருஷமாக அவன் சுமக்கிறான். அது எனக்கு உரியது.

சொல்லிவிட்டேன். சொன்னால் நெஞ்சு லேசாகிவிடும் என்பார்களே... அதை நம்பாதீர்கள்.

என்னை வெறுப்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். முதலில் ஏமாற்றப்பட்டவனும் நான்தான். இதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேனா? இருக்கலாம். இத்தனை காலமும் இதைச் சொல்லித்தான் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

ஒரகடத்தில் கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்யும் தொழிற்சாலை. பெர்மனென்ட் ஆட்களுக்கு நீலச் சட்டை, எங்களைப் போன்ற கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சாம்பல் சட்டை. வேலையில் ஒரு வித்தியாசமும் கிடையாது. பற்றவைக்கும்போது தெறிக்கும் பொறி சட்டையின் நிறம் பார்ப்பதில்லை.

சேரப்பணஞ்சேரியில் ஒரு வாடகை அறை. அதில் நானும் மாரியப்பனும். அம்பாசமுத்திரத்துப் பக்கம் அவன் ஊரும் என் ஊரும் அடுத்தடுத்து. ஒரே பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரே கான்ட்ராக்டரிடம் சேர்ந்தவர்கள். எனக்குக் காய்ச்சல் என்றால் அவன் கஞ்சி வைப்பான். அவனுக்கு ஓவர்டைம் என்றால் அவன் துணியையும் சேர்த்து நான் துவைப்பேன். எங்களை அண்ணன் தம்பி என்றே வீட்டுக்காரம்மா நினைத்திருந்தார். நானும்தான் அப்படி நினைத்திருந்தேன்... அதுதான் என் பிழை என்று அப்புறம் நினைத்தேன்.

என் அப்பாவின் முதல் வருஷத் திதிக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. லைன் நிற்கக் கூடாதாம். அப்பா நின்றுபோனது யாருக்கும் பெரிதாகப்படவில்லை! அம்மா போனில் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

"போட்டும்யா. மாசி மகத்தன்னைக்குச் சாமி கடலுக்கு வரும்லா, அதோட சேந்து ஒரு முங்கு முங்கிட்டு வா. அப்பாவுக்குப் போய்ச் சேந்துரும்" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு. கோயிலிலிருந்து பெருமாளைப் பல்லக்கில் கடற்கரைக்கு எழுந்தருளச் செய்து நீராட்டுவார்கள். அந்த நேரத்தில் சனங்களும் கடலில் இறங்கி முங்குவார்கள். ஆற்றில் முங்கி வளர்ந்தவன் நான். கடலில் ஒருமுறைகூட முங்கியதில்லை. தை பிறந்ததுமே திட்டம் போட ஆரம்பித்துவிட்டேன். லைனில் எல்லோரும் கிண்டல் செய்தார்கள். "சாமியார் கெளம்பிட்டாருடா" என்று என் தலையில் தண்ணீர் தெளித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேன்.

அப்புறம்தான் அந்த அதிசயம் நடந்தது. ஒருநாள் மாரி, "நானும் வாரேம்ல" என்றான். கோயில் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாதவன்! மறுநாள் ஏழுமலை. அவன் பிள்ளைப்பாக்கத்துக்காரன்; எங்கள் லைனில் உள்ளூர்க்காரன் அவன் ஒருவன்தான். "ஒரு சீட்டு போட்டு வையிபா, நானும் வரேன்" என்றான். பிறகு ஒவ்வொருவராக... ஒரு வேன் நிறைந்துவிட்டது.

நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என் அப்பாவுக்காக இத்தனை பேர் வருகிறார்கள் என்று நினைத்தேன். முட்டாள்!

வாலாஜாபாத்தில் வேன் பேசினேன். சிங்கப்பெருமாள்கோயில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று வழி கேட்டு வைத்தேன். யார் புளிசோறு கட்டுவது, ஈரத்துணிக்கு யார் பை கொண்டுவருவது என்றெல்லாம் பிரித்துக் கொடுத்தேன். இதெல்லாம் சுலபம். லீவுதான் மலை. ஒரே நாளில் ஒரு லைனில் அத்தனை பேருக்கு யார் லீவு கொடுப்பார்? அடுத்த ஷிப்டில் ஒவ்வொருவன் காலாகப் பிடித்து, எங்கள் இடங்களில் நிற்க ஆள் பிடித்தேன். பதிலுக்கு என் ஞாயிற்றுக்கிழமைகளிலெல்லாம் அவர்கள் இடத்தில் நான் நிற்பதாக எழுதிக் கொடுக்காத குறையாக ஒப்புக்கொண்டேன். பிறகு சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றேன்.

ஆயுத பூஜைக்கு மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பவன் நான்தான். அதனால் அவருக்கு என் மேல் ஒரு நம்பிக்கை. "சத்தியமா கோயிலுக்குத்தானே?" என்று கேட்டார். "அப்பா மேல சத்தியமா சார்" என்றேன். லீவு கிடைத்தது.

செத்துப்போன என் அப்பாவின் மேல் சத்தியம் செய்தேன். இதை நினைவில் வையுங்கள்.

மாசி மகத்துக்குச் சில நாள் முன்பு, கேன்டீன் வரிசையில் ஏழுமலையிடம், "கரைக்குப் போனதும் எல்லாரும் ஒண்ணாவே இருக்கணும், கூட்டத்துல தொலைஞ்சுடக் கூடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் சிரித்துவிட்டான்.

"இன்னாபா நீ, நெஜமாவே குளிக்கத்தான் போறோம்னு நெனச்சிகினுகீறியா? சங்கத்து ஆளு அங்க வராருபா. படகாண்ட குந்திகினு பேசப் போறோம். கும்பல்ல எவன் கேக்கப் போறான்?"

என் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றுவிட்டது. சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவனுக்குப் புரிந்தது. குரலைத் தாழ்த்தினான்.

"மாரிதான் உங்கிட்ட சொல்ல வேணான்னான். நீ நெஜம்னு நம்புனாத்தான் சூப்பர்வைசரும் நம்புவாராம். உனக்குப் பொய் வராதாமே... நான் சொன்னேன்னு அவங்கிட்ட சொல்லிடாதபா."

சாப்பாட்டுத் தட்டோடு அப்படியே நின்றேன். பின்னால் நின்றவன் தோளில் இடித்து நகரச் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அவர்கள் செய்தது நியாயம். இன்று அது தெரிகிறது. கேட்டுக்கு வெளியே நாலு சாம்பல் சட்டைகள் சேர்ந்து டீ குடித்தால் பொழுது சாய்வதற்குள் ஆபீசுக்குத் தெரிந்துவிடும். அறைகளில் பேச முடியாது. எங்களுக்கு வாடகைக்கு விட்டவர்களில் பாதிப் பேர் கம்பெனிக்கு வண்டி ஓட்டுபவர்கள். பிரஸ் மெஷினில் விரல்கள் நசுங்கிய ஒருவனைக் கட்டுப் போட்டு ஊருக்கு அனுப்பிவிட்டு, அடுத்த வாரமே அந்த இடத்தில் வேறு ஆளை நிறுத்தியதை எல்லோரும் பார்த்திருந்தோம். சங்கம் வேண்டும் என்று அவர்கள் நினைத்ததில் தப்பே இல்லை. கோயில் என்று சொன்னால் எந்த ஆபீசரும் மறுக்கத் தயங்குவார் என்று கணக்குப் போட்டதும் சரிதான்.

ஆனால் என்னிடம் ஏன் சொல்லவில்லை? மாரி... ஒரே பாயில் படுத்தவன்! சொல்லியிருந்தால் நான் உயிரைக் கொடுத்திருப்பேனே! என் அப்பாவின் திதியை மறைப்பாகக் கட்டி, அதன் பின்னால் நின்று ஆடை மாற்றிக்கொண்டார்களே... என்னை நம்பவில்லையே, என் முகத்தை மட்டும் நம்பினார்களே!

மாரியிடம் நான் இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்போம், அழுதிருப்போம், அதோடு போயிருக்கும். நான் வாயை மூடிக்கொண்டேன். அவன் வைத்த ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டேன். அவன் "என்னல மூஞ்சிய உர்ருனு வச்சிருக்க?" என்று கேட்டதற்கு, "தலைவலி" என்றேன். எனக்குப் பொய் வராது என்று சொன்னானாம்!

மறுநாள் டீ இடைவேளையில் சூப்பர்வைசர் கிண்டலாகக் கேட்டார்: "என்ன இசக்கி, உன் லைனுக்கே திடீர்னு பக்தி முத்திடுச்சு?"

"நான் கோயிலுக்குத்தான் சார் போறேன். மத்தவங்களப் பத்தி எனக்குத் தெரியாது" என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்தை மட்டுமே நான் சொன்னதாக இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதில் பொய் இல்லையே, யார் பெயரும் இல்லையே, அப்பா மேல் செய்த சத்தியத்தைக் காப்பாற்றத்தானே சொன்னேன் என்று சமாதானம் சொல்லித் தூங்கினேன்.

இன்று உங்களிடம் மீதியையும் சொல்கிறேன். அவர் "அப்படின்னா?" என்று மட்டும்தான் கேட்டார். மிரட்டவில்லை. ஆசை காட்டவில்லை. அந்த ஒரு சொல்லுக்கு நான் எல்லாவற்றையும் கொட்டினேன். சங்கத்து ஆள் வருவதை, படகுகளுக்குப் பக்கத்தில் உட்காரப்போவதை... "யாரு ஏற்பாடு?" என்றார். "மாரியப்பன்" என்றேன். அந்தப் பெயரைச் சொன்னபோது என் வாய் நடுங்கவில்லை. சொல்லவே கூசுகிறது... ஒரு சுகம் இருந்தது.

அவர் டீயைக் குடித்து முடித்தார். "உங்க யார் லீவுலயும் கை வைக்க மாட்டேன். நிம்மதியாப் போயிட்டு வா. நாம பேசுனது நம்மளோட இருக்கட்டும்" என்றார். லீவை ரத்து செய்யாததன் அர்த்தம் எனக்குப் புரியாமல் இல்லை.

போனோம். வேனில் எல்லோரும் பாட்டுப் பாடினார்கள். நானும் கை தட்டினேன். கடற்கரையில் எள் போட இடமில்லை. பல்லக்கு மணலில் இறங்கியபோது "கோவிந்தா!" என்ற சத்தத்தில் அலைச் சத்தமே கேட்கவில்லை. படகுகளின் அந்தப் பக்கம் எங்கள் ஆட்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம், வேட்டி கட்டி, நாமம் போட்டு, கம்பெனியில் எங்கள் வருகையைப் பதிவு செய்யும் டைம் ஆபீஸ்காரர் நின்றிருந்தார். செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார். சாமியைப் படம் எடுப்பவர் போலத்தான் இருந்தது... ஆனால் சாமி இருந்தது அவருக்குப் பின்னால்.

நான் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கடலுக்குள் இறங்கினேன்.

இடுப்பளவு தண்ணீரில் யாரோ என் கையைப் பிடித்தார்கள். மாரி! வட்டத்தை விட்டு எழுந்து ஓடிவந்திருந்தான், சட்டையைக்கூடக் கழற்றாமல்.

"அப்பாவுக்கு முங்குத, ஒருத்தன்கூடப் பக்கத்துல இல்லாம எப்படில? அங்கன என்ன நடக்குன்னு அப்புறம் சொல்லுதேன். இப்ப முங்கு."

இரண்டு பேரும் சேர்ந்து முங்கினோம். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ஓடுல, படம் எடுக்கான்" என்று ஒரு வார்த்தை... எல்லோரும் கலைந்திருப்பார்கள். வாய்க்குள் உப்புத் தண்ணீர் போய்விட்டது, இருமினேன், அவன் முதுகில் தட்டிக் கொடுத்தான். அப்பாவை நான் நினைக்கவே இல்லை. அந்த முங்கு யாருக்குப் போய்ச் சேர்ந்ததோ!

அடுத்த வாரம் கேட்டில் ஒவ்வொருவர் கார்டாக வேலை செய்யாமல் போனது. "உன் கான்ட்ராக்டரப் போய்ப் பாரு" என்று செக்யூரிட்டி சொன்னார். கான்ட்ராக்டர் போனை எடுக்கவில்லை. வட்டத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் போனார்கள், ஏழுமலையைத் தவிர. அவன் மாமா கம்பெனிக்கு பஸ் விடுபவர். யார் காலிலோ விழுந்து அவனை மட்டும் காப்பாற்றியிருந்தார். நான் வட்டத்தில் இல்லை, தண்ணீரில் இருந்தேன். என்னை யாரும் சந்தேகப்படவில்லை.

டீக்கடையில் வைத்து மாரி ஏழுமலையை அறைந்தான். எல்லோர் முன்னாலும்.

"எங்கம்மா மேல சத்தியமா நான் சொல்லலபா!" என்று ஏழுமலை கத்தினான். பிறகு என்னைப் பார்த்தான். என்னிடம் விஷயத்தை உளறியதே தான்தான் என்று சொன்னால் அதுவும் குற்றமாகிவிடும்... அவன் எதையோ விழுங்கிக்கொண்டான். நானும் என் டீயைக் குடித்தேன். சூடாக இருந்தது, ஆனாலும் குடித்தேன்.

உள்ளூரிலேயே அவனோடு பேசுவாரில்லாமல் போயிற்று. கொஞ்ச நாளில் வேலையை விட்டு நின்றுவிட்டான். மாரி ஊருக்குப் போனான். வேறு கம்பெனி எதிலும் அவனைச் சேர்க்கவில்லை. இப்போது பெட்ரோல் பங்கில் நிற்கிறான். எனக்கு நீலச் சட்டை கிடைத்தது. ஏன் கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த மாசியில் மாரி போன் செய்தான்.

"ஏ இசக்கி, இந்த வருசம் மாமல்லபுரத்துக்கு நாம ரெண்டு பேரும் மட்டும் போவமா? வேன் வேண்டாம், பஸ்லயே போவோம். சும்மா சாமியப் பாத்து முங்கிட்டு வருவோம்."

"என்னல திடீர்னு?" என்றேன்.

"ஒங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனைக்கேன்" என்றான். "ஒங்கப்பா காரியத்த வச்சு ஒன்ன ஏமாத்திட்டேம்ல. நீ அம்புட்டு ஆசையாப் போன. நான் பெரிய பாவி. மனசுல வச்சுக்காத மக்கா... மன்னிச்சிரு."

அவன் அழுதான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விடுல, அதெல்லாம் மறந்தாச்சு" என்றேன். மன்னித்துவிட்டேன்! நான், அவனை!

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தான். "எனக்கும் யார் மேலயும் கோவம் இல்லல. அந்த ஏழுமலைப் பயல மட்டும் இந்த ஜென்மத்துல மன்னிக்க மாட்டேன்" என்றான். பிறகு கேட்டான்: "நீ மன்னிப்பியா?"

சொல்லியிருக்கலாம். அவன்தான் கேட்டுவிட்டானே... வாசலைத் திறந்தே வைத்துவிட்டானே!

"நானும் மாட்டேம்ல" என்றேன்.